கேள்வி கேட்கும் பகுதி

முதுகுக்குப் பின்னால் எல்லோரும் தன்னை 'அகராதி' என்று சொல்வது ஸ்டோர் கீப்பருக்குத் தெரியும். அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் உதிரிபாகக் கிடங்கில் பதினெட்டு வருஷமாகச் சாவிக்கொத்தோடு நடப்பவர். எந்த அலமாரியில் எந்த போல்ட் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கேட்டவர்களுக்கும் சொல்வார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். "அகராதி வர்றாருப்பா" என்று லோடுமேன் குரல் கொடுத்ததும் வேலையாட்கள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு நிமிர்வார்கள். அந்த நிமிர்வை மரியாதை என்று இவர் நம்பினார்.

அவர் மனைவி நர்ஸ். குழந்தை குட்டி கிடையாது. வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று நர்ஸ் வேலைக்கு ஆள் எடுக்கிறது என்ற சேதியை வீட்டுக்குக் கொண்டுவந்தது அவள். அதைத் தெருவுக்குக் கொண்டுபோனது இவர். "நாங்க வெளிநாடு போறோம்" என்று பக்கத்து வீடுவரைக்கும் சொல்லியாகிவிட்டது. வேலை அவளுக்கு என்பது ஒரு சின்ன விவரம்தானே, அது விட்டுப்போயிற்று.

போவதற்கு அந்த ஊர் மொழியில் பரீட்சை உண்டு. வேலைக்குப் போகிறவளுக்குப் பெரிய பரீட்சை. கூடப்போகும் புருஷனுக்குச் சின்னப் பரீட்சை. பேர் சொல்லவும் வழி கேட்கவும் கடையில் ரொட்டி வாங்கவும் தெரிந்தால் போதும்.

"முதல்ல நான் படிச்சுக்கறேன். அப்புறம் உனக்குச் சொல்லித் தர்றேன்" என்றார்.

"சரிங்க" என்றாள். அவள் அதிகம் சொல்லும் வார்த்தை அதுதான்.

ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் ஒற்றை அறை, பதினோரு நாற்காலி. வெளியே 'சர்வதேச மொழிகள் உயராய்வு மையம், முப்பதே நாளில் சரளம்' என்று போர்டு. மின்விசிறி ஓடாத அந்த அறையில் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் அதன் இயக்குநர். அவரே எழுதிய மாதிரி விடைகள் இருபதை எல்லோருக்கும் கொடுத்தார். அவற்றின்படி மாணவர்கள் அனைவருக்கும் அப்பா ஆசிரியர், பொழுதுபோக்கு தோட்டக்கலை.

ஸ்டோர் கீப்பர் படிக்க இறங்கினால் சும்மாவா. மேசை விளக்கு வந்தது. நாலு நிறத்தில் பேனா வந்தது. லேமினேஷன் செய்த கால அட்டவணை சுவரில் ஏறியது. தடிப் பதிவேடு ஒன்றில் ஆயிரத்து இருநூறு வார்த்தைகள், வரிசை எண், வந்த தேதி, பொருள் என்று கோடு போட்டு ஏற்றினார். தினமும் அதை முதல் பக்கத்திலிருந்து வாசிப்பார். படித்ததையே படித்தால் பழக்கப்பட்ட முகம் மாதிரி ஒவ்வொரு வார்த்தையும் தலையாட்டும். தெரியும் தெரியும் என்று மனசு சொல்லும். மூடிவைத்துவிட்டுச் சொல்லச் சொன்னால் வாய் திறக்காது. கிடங்கிலும் அப்படித்தான். உள்ளே வருவது லேசு, ஒரு திருகாணி வெளியே போக மூன்று கையெழுத்து வேண்டும்.

அப்புறம் சீட்டுகள். கதவு, ஃபிரிட்ஜ், உப்பு டப்பா, சீப்பு என்று வீடு முழுக்கப் பொருளின் பேரை அந்த மொழியில் எழுதி ஒட்டினார். கண்ணாடியின் நட்டநடுவிலும் ஒன்று. அவள் தலை சீவ அதை உரித்துவைப்பாள். இவர் வந்து, "கோணலா எடுக்காதேன்னு எத்தனை தடவ சொல்றது" என்று மறுபடி நேராக ஒட்டுவார்.

சாயங்காலம் அவள் டியூட்டி முடிந்து வந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே, இவர் எழுதிவைத்த வார்த்தை அட்டைகளைப் பார்த்துக் கேட்பாள். இவர் நாற்காலியில் சாய்ந்து பதில் சொல்வார்.

"சாவிக்கு என்னங்க?"

சொன்னார்.

"அது ஜன்னல்."

"அதையும் சொல்லலாம்."

"புத்தகத்துல அப்படி இல்லீங்க."

"புத்தகம் போட்டவனுக்கு எல்லாம் தெரியுமா? உன் உச்சரிப்பே தப்பு. அதான் எனக்குக் குழம்புது."

ஒருநாள் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, "நீங்களும் என்னை ஏதாச்சும் கேளுங்களேன்" என்றாள்.

"நீ கேளு, நான் சொல்றேன். அதான் முறை."

முறைப்படியே நடந்தது. அட்டையைப் பிடித்தவள் தலையில் எல்லாம் ஏறியது. பெரிய பரீட்சையில் அவள் முதல் தடவையிலேயே தேறினாள். சின்னப் பரீட்சையில் இவர் விழுந்தார்.

"திருத்தினவனுக்கு என் ஸ்டைல் பிடிபடல" என்று தெருவுக்கு விளக்கம் கொடுத்தார்.

அவள் கிளம்பிய அன்று, வாசலில் டாக்ஸி நிற்க, கண்ணாடி முன்னால் போய் நின்றாள். சீட்டை உரித்து அவர் கையில் கொடுத்தாள். "இத மட்டும் திரும்ப ஒட்டாதீங்க" என்றாள். அவள் போய் ஒரு மணி நேரத்தில் ஒட்டிவிட்டார். பரீட்சை இருக்கிறதே.

ஒன்றரை வருஷத்துக்குள் இவர் தேறினால் அங்கே அவளோடு வாழ அனுமதி. இல்லாவிட்டால் பிறகு எப்போது கிடைக்கும் என்று யாருக்கும் தெரியாது. வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர்தான் புழங்கியது. மற்ற டம்ளர்கள் மேல் அந்நிய மொழியில் டம்ளர் என்று எழுதியிருந்தது.

இரண்டாம் தடவை வாசிப்பும் எழுத்தும் எப்படியோ கரையேறின. வாய்மொழித் தேர்வில் இருவர் இருவராக உட்காரவைத்தார்கள். மேசையில் கிடக்கும் அட்டையை எடுத்து, அதில் உள்ள சொல்லை வைத்து எதிரில் இருப்பவரை ஒரு கேள்வி கேட்க வேண்டும். எதிரில் ஒரு பேக்கரிக்காரர். அவர் கேட்டதற்கு இவர், 'அப்பா ஆசிரியர்' என்பதில் தொடங்கித் தோட்டக்கலை வரை ஒப்பித்தார். அடுத்து இவர் முறை. அட்டையில் 'ஞாயிற்றுக்கிழமை'.

"ஞாயிற்றுக்கிழமை விடுமுறை நாள்" என்று அந்த மொழியில் பேக்கரிக்காரருக்குத் தெரிவித்தார்.

"கேள்வி கேளுங்கள்" என்றார் தேர்வாளர்.

இவர் யோசித்துவிட்டு, "சனிக்கிழமைக்கு அடுத்து வருவது ஞாயிற்றுக்கிழமை" என்றார்.

கேள்வி கேட்கும் பகுதியில் பூஜ்யம்.

மையத்தில் பாடம் நடத்துவது இயக்குநர் இல்லை, ஒரு சின்ன வயசு டீச்சர். அவள் மதிப்பெண் தாளைப் பார்த்துவிட்டு, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. வீட்ல, வேலை செய்யற எடத்துல, யாருகிட்டயாவது எதாவது கேப்பீங்களா?" என்றாள்.

"எதுக்குக் கேக்கணும்? எனக்கே தெரியுமே."

டீச்சர் பதிவேட்டை வாங்கித் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினாள். "இது இனிமே வேணாம் சார். அட்டைய கலைச்சுப் போடுங்க. பாக்காம சொல்லுங்க. தப்பாப்போனத நாளைக்கு எடுங்க, சரியா வந்தத மூணு நாள் விட்டு எடுங்க. மாதிரி விடைய கிழிச்சுருங்க. தினம் பத்துப் பேர்கிட்ட பத்துக் கேள்வி. பதில் வர்ற வரைக்கும் வாய மூடிக்கிட்டு இருக்கணும். அதான் உங்களுக்கு கஷ்டம்."

மறுநாள் கிடங்கில் லோடுமேனை நிறுத்தி, "ஞாயிற்றுக்கிழமை நீ என்ன செய்வாய்?" என்று அந்த மொழியில் கேட்டார்.

"என்னண்ணே, திட்றதா இருந்தா தமிழ்லயே திட்டுங்க."

"திட்டலப்பா, கேக்கறேன். ஞாயித்துக்கிழமை என்ன பண்ணுவ?"

லோடுமேன் தோளில் இருந்த பெட்டியை இறக்கிவைத்தான். ஏதாவது சரக்கு குறைகிறதா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "அம்மாவுக்குக் கண்ணு தெரியாதுண்ணே. பேப்பர் படிச்சுக் காட்டுவேன். விளம்பரம் உட்பட படிக்கணும், விட்டா கண்டுபிடிச்சிரும்."

"எத்தனை வருஷமா?"

"ஒம்பது வருஷமா."

பதினோரு வருஷம் ஒரே கூரையின் கீழ் வேலை. இந்தச் சரக்கு எந்த அலமாரியிலும் இல்லை. அன்று மத்தியானம் ஸ்டோர் கீப்பர் யாருக்கும் எதையும் விளக்கவில்லை.

அதற்குப்பின் அவருக்குக் கேட்கும் பைத்தியம் பிடித்தது. முதலில் அந்த மொழியில், பிறகு தமிழில். வாட்ச்மேனுக்கு எந்தக் காலில் வலி, டீ கொண்டுவருகிற அம்மா எத்தனை மாடி ஏறுகிறாள் என்றெல்லாம் விசாரித்தார். ஆள் குறைக்கப்போகிறார்கள், அதற்குத்தான் கணக்கெடுக்கிறார் என்று கிடங்கில் வதந்தி எழுந்து இரண்டு பேர் வேறு வேலைகூடத் தேடினார்கள். அட்டைகள் தேயத்தேய, வார்த்தைகள் கூப்பிட்டால் வரப் பழகின.

மூன்றாம் தடவைதான் கடைசி வாய்ப்பு. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவளுக்குப் போன் போட்டார். இங்கே மத்தியானம், அங்கே காலை.

"சாப்டீங்களா? பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்றாள். வழக்கமாக அதற்கு மேல் பேச்சு இவருடையது.

"போட்டேன். இன்னிக்கு நான் கேள்வி கேக்கறேன், நீ பதில் சொல்லு. பரீட்சைக்கு. அந்த மொழியிலயே."

"நீங்களா?" சிரித்தாள். "புரியுமா உங்களுக்கு?"

"புரியலன்னா என்ன. கேக்கறதுக்குத்தான் மார்க்கு."

மேலே கிடந்த அட்டையைப் புரட்டினார். "உன் அறை எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அடுத்ததை எடுத்தார். "உனக்கு என்ன பிடிக்கும்?"

டீச்சர் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார். இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் முதல் தடவையாகக் காத்திருந்தார்.

பிறகு அவள் அந்த மொழியில் பேசினாள். நோயாளியிடம் பேசுகிற நர்ஸ் போல நிதானமாக, தணிந்த குரலில், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல.

"என் அறை சிறியது. ஒரு கட்டில், ஒரு சன்னல். ஒரு சாவி, அது என்னிடம் இருக்கிறது. எந்தப் பொருளின் மேலும் சீட்டு இல்லை. காலையில் சன்னலைத் திறந்துவைத்து உட்காருவேன். யாரும் என்னைத் திருத்துவதில்லை. எனக்குத் தனியாக இருப்பது பிடிக்கிறது. நீங்கள் கெட்டவர் இல்லை. ஆனால் நீங்கள் வர வேண்டாம். இதை நம் மொழியில் சொல்ல எனக்கு வாய் வராது."

எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள். வெங்காயம் நறுக்கிக்கொண்டே அவள் அட்டை பிடித்துக் கேட்ட வார்த்தைகள். கட்டில், சன்னல், சாவி, சீட்டு. அன்றைக்கு ஒன்றும் நினைவில் நிற்காமல் போனவை இன்றைக்கு ஒன்றுகூடத் தவறாமல், தாமதிக்காமல், வரிசையாக வந்து நின்றன. சாவிக்கும் சன்னலுக்கும் குழப்பமே வரவில்லை.

ஸ்டோர் கீப்பர் எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்தார். நட்டநடுவில் சீட்டு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி என்று எழுதியிருந்தது.

"என்னங்க, லைன்ல இருக்கீங்களா?" தமிழில் கேட்டாள். "புரிஞ்சுதா?"

ஆயுசு முழுக்கத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டியே காலம் தள்ளிய மனிதர். தெரிந்ததைத் தெரியாததாகக் காட்டுவது அவருக்குப் புதுத் தொழில்.

"எங்க புரிஞ்சுது. ஒரு வார்த்தைகூட பிடிபடல" என்றார். "மடமடன்னு பேசிட்ட. என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. ரூம் நல்லாருக்குன்னு சொன்னேன்."

"உன் உச்சரிப்பு நல்லாருக்கு."

"இத்தன நாள்ல இன்னிக்குத்தான் சொல்றீங்க" என்றாள்.

பரீட்சைக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போனார். பணம் கட்டியாயிற்றே என்று காரணம் சொல்லிக்கொண்டார். எதிரில் ஒரு தையற்காரி. இவர் கேள்வி எழுத்துக்கு எழுத்து சரியாக இருந்தது. பதிலுக்கும் பொறுமையாகக் காத்திருந்தார். தையற்காரி தன் அட்டையைப் பார்த்து, "உங்களுக்கு எந்த மாதிரி அறை பிடிக்கும்?" என்று கேட்டாள். மாதிரி விடையின் ஆசிரியர் மகன் இந்தத் தடவை எட்டிப்பார்க்கவில்லை. "சிறிய அறை" என்றார் ஸ்டோர் கீப்பர். "ஒரு கட்டில், ஒரு சன்னல். ஒரு சாவி. எந்தப் பொருளின் மேலும் சீட்டு இல்லை." தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.

வாய்மொழியில் முழு மதிப்பெண். மையத்தின் சரித்திரத்தில் இல்லாத சேதி. மூன்றாம் நாளே ஜெராக்ஸ் கடைக்கு மேல் ஃபிளெக்ஸ் ஏறியது. வளைத்துப் போட்ட பூமாலைக்கு நடுவே ஸ்டோர் கீப்பரின் படம். 'எங்கள் மாணவர், மனைவியோடு இணையப் பறக்கிறார்' என்று கீழே எழுத்து.

"இத எடுத்துடுங்க சார்" என்று இயக்குநரிடம் கேட்டார்.

"அடக்கமெல்லாம் வேணாம் சார். பூமாலைக்குக்கூட நான் தனியா காசு வாங்கிக்கல." கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டார். "எப்ப கெளம்பறீங்க?"

கேள்வி நல்ல கேள்வி. பதில் வரும்வரை காத்திருக்க இயக்குநருக்குப் பழக்கமில்லை, அடுத்த ஆளிடம் திரும்பிவிட்டார்.

சான்றிதழைப் பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்க வெந்நீரில் துணியை நனைத்து, கதவு, ஃபிரிட்ஜ், உப்பு டப்பா என்று ஒவ்வொன்றாகச் சீட்டுகளை உரித்தார். டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தார். கண்ணாடியில் ஒட்டியிருந்த பசை மட்டும் போகவில்லை. மத்தியானம் போன் போட்டார்.

"ரிசல்ட் வந்துச்சாங்க?"

"வந்துச்சு. போச்சும்மா. இந்தத் தடவையும் அதே கேள்வி கேக்கற பகுதிதான்."

அந்தப் பக்கம் ஒரு மூச்சு, நீளமாக, வெளியே போனது. மனைவியின் மூச்சை அவர் அதுவரை கவனித்துக் கேட்டதில்லை.

"விடுங்க" என்றாள். "மனச போட்டுக் குழப்பிக்காதீங்க. நீங்க நல்லாத்தான் படிச்சீங்க."

"ஆமா. வயசாச்சு. இனிமே எழுதறதா இல்ல."

"சரிங்க" என்றாள். பிறகு, "மாத்திரை போட்டீங்களா?"

"போட்டேன். அங்க குளிரா?"

"குளிர்தான். ஜன்னல் திறந்திருக்கு, அதான் கொஞ்சம் ஜாஸ்தி தெரியுது. இருங்க, சாத்திட்டு வரேன்."

"வேணாம்" என்றார். "திறந்தே இருக்கட்டும்."