பொறந்த வீட்டுக் கோடி

குஜிலியம்பாறைப் பக்கம் ஊசி போடக்கூட ஆள் இல்லாத காலத்துல, மொத மொதலா டாக்டருக்குப் படிச்ச பொம்பள என் தங்கச்சி சிவனம்மாள். பிரசவ வலியில துடிச்ச எங்க ஆத்தாவ மாட்டு வண்டியில ஏத்தி நான்தான் திண்டுக்கல்லுக்கு ஓட்டுனேன். பாதி வழியில, எரியோடு வர்றதுக்குள்ள உசுரு போச்சு. ஆத்தா தலைய மடியில வச்சிருந்த சிவனம்மாளுக்கு அப்பப் பன்னெண்டு வயசு. அவ அழுகல. அன்னையிலருந்து புஸ்தகத்தக் கீழ வைக்கல, அம்புட்டுதான்.

படிச்சா, சரி. கூடப் படிச்ச மரியசெல்வத்தக் கட்டிக்கிட்டா பாருங்க, அங்கதான் எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. வேத்துச் சாதி, வேத்துச் சாமி. நாப்பது வருசம் அவ மூஞ்சியில முழிக்கல. என் பேரப்புள்ளைக ரெண்டும் அவ கையிலதான் பொறந்துச்சுக. அப்பக்கூட நான் ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையோட நின்னுக்கிட்டேன். வீம்பு புடிச்ச கழுதை நான், வேறென்ன சொல்ல.

போன செவ்வாக்கெழமை காலையில அவ மகன் பிரின்ஸ் போன் பண்ணான்.

"மாமா, அம்மா தவறிட்டாங்க. மூணு மணிக்கு எடுக்குறோம், வந்துருங்க."

"கேதத்தப் போன்லயாடா சொல்றது? நேர்ல வந்து சொல்ல ஆளில்லையா?"ன்னு கட் பண்ணிட்டேன்.

எம் மகன் பாண்டியராஜ் காரைக் கொண்டாந்து நிறுத்துனான்.

"செத்த நேரம் இருடா. பொறந்த வீட்டுக் கோடிச் சேல விழுகாம எவன் பொணத்தத் தூக்குவான்? ஆளு வரும், கூப்புடும்."

ஒரு பயலும் வரல. ரெண்டரைக்கு மேல மனசு கேக்கல. ஜவுளிக்கடையில செவப்புச் சேல ஒண்ணு எடுத்துக்கிட்டு திண்டுக்கல் போய்ச் சேர மணி நாலரை.

பந்தல்ல நாலஞ்சு சேருதான் கெடந்துச்சு. மரியசெல்வம் ஒத்தையில உக்காந்திருந்தாரு.

"எங்கய்யா எந்தங்கச்சி?"

"உடம்ப மெடிக்கல் காலேஜுக்குக் குடுத்துட்டோம் மச்சான். பிள்ளைங்க படிக்கட்டும்னு எழுதி வச்சிருந்தா. மூணு மணிக்கே வண்டி வந்துருச்சு. அரை மணி நேரம் உங்களுக்காக நிறுத்தியும் பாத்தோம்."

"போயி இத மட்டும் போத்திட்டு வந்துர்றேன்."

"இனிமே உள்ள விட மாட்டாங்க."

ஐயோ, சுடுகாடா இருந்தா சாம்பலையாச்சும் பாத்திருப்பேனே.

"கோடி இல்லாமலா தூக்குனீங்க? கூடி நின்ன பொம்பளைக ஒருத்தி கூடவா கேக்கல?"

பிரின்ஸ் தண்ணி கொண்டாந்து குடுத்தான். அவன் குரல்ல கோவமே இல்ல.

"கேட்டாங்க மாமா. அம்மாவுக்குப் பொறந்த வீட்டு ஆளுன்னு யாருமில்லன்னு நான்தான் சொன்னேன்."

அந்தச் செவப்புச் சேலைய மடியில வச்சுக்கிட்டு ஒரு சேருல உக்காந்தேன்.