கட்டாயக் கட்டம்

"உன் ஃபார்ம் வேலை செய்யலடி," என்றபடி அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். சின்னவளுக்குச் சுருக்கென்றது. அக்காவின் டிரைவிங் ஸ்கூலில் சேர வருகிறவர்களுக்காக இரண்டு வாரம் உட்கார்ந்து இழைத்தது அது. வெப்சைட்காரர்கள் கொடுத்த ஃபார்ம் அழுதுவடிந்த சாம்பல் நிறத்தில் இருந்தது. இவள்தான் தோற்றத்தை மாற்றும் கட்டளைகளை எழுதுகிற ஸ்டைல் பெட்டிக்குள் புகுந்து, கட்டங்களின் மூலைகளை வளைத்து, எழுத்தைப் பெரிதாக்கி, 'அனுப்பு' பட்டனுக்குப் பளிச்சென்று ஒரு மஞ்சளைக் கொடுத்தாள். அந்தப் பட்டனைப் பார்த்தால் காரே வேண்டாம் என்பவளுக்கும் அழுத்தத் தோன்றும் என்பது அவள் கணிப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அக்கா பெண்களுக்குக் கார் ஓட்டச் சொல்லித்தருகிறவள். வேறொருவரின் பள்ளியில் பல வருஷம் மாரடித்துவிட்டு, போதுமடா சாமி என்று சொந்தமாக ஆரம்பித்திருக்கிறாள். கார் வாங்கிக்கொடுத்தது அண்ணன். பெயிண்ட் கடை முதலாளியான அண்ணன் பாசக்காரன்தான், ஆனால் பாசத்துக்கும் கெடு வைப்பான். மாசக் கடைசிக்குள் ஒரு ஆளாவது சேராவிட்டால் கார் கடைக்குப் போய்விடும், பெயிண்ட் டப்பா சுமக்க. மாசமோ முடியப் போகிறது. 'வந்த பதில்கள்' பக்கத்தில், சின்னவள் ஆரம்பத்தில் தானே போட்டுப் பார்த்த ஒற்றை வரியைத் தவிர ஈ காக்கை இல்லை.

"பெட்ரோல் பங்க்ல ஒரு டீச்சர் காரை நிறுத்தச் சொல்லிக் கேட்டாங்க," என்றாள் அக்கா. "ரெண்டு மூணு தடவை நிரப்பினாங்களாம். பட்டனை அமுக்கினா அப்படியே நிக்குதாம். 'உங்களுக்கு ஆள் வேணுமா வேண்டாமா'ங்கறாங்க."

சொல்லும்போது அவள் முகத்தில் கலக்கமே இல்லை. ஆள் வராத நாளெல்லாம் காரைத் துடைத்துப் பளபளவென்று வைத்துக்கொண்டு 'வருவாங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தவள். வந்திருக்கிறார்கள், வாசல்தான் திறக்கவில்லை என்று தெரிந்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான். சின்னவள் லேப்டாப்பைத் திறந்தாள்.

யாரோ மாதிரி ஒரு பெயரும் எண்ணும் போட்டு மஞ்சள் பட்டனை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. தப்பு என்றுகூடச் சொல்லவில்லை, கல்லுப்பிள்ளையார் மாதிரி இருந்தது. ஃபார்மைத் திருத்தும் பக்கத்தைத் திறந்தாள். அங்கே, கைபேசி எண்ணுக்கும் வசதியான நேரத்துக்கும் நடுவில் இருந்தது அந்தக் கட்டம்: 'கணவர் அல்லது தந்தையின் கைபேசி எண்'. பக்கத்தில், கட்டாயம் நிரப்ப வேண்டும் என்று சொல்லும் சிவப்பு நட்சத்திரம். அதைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

கட்டம் அண்ணனின் யோசனை. நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் வீட்டு ஆம்பளையைக் கூப்பிட வேண்டாமா என்றான். ஓட்டப் போகிறவள் எண் போதும் என்றாள் அக்கா. இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசாமல் திரிந்தார்கள். அந்த வீட்டின் நிரந்தரப் பஞ்சாயத்துக்காரி சின்னவள். அண்ணனிடம் 'சரி' என்று கட்டத்தை ஃபார்மில் வைத்தாள். அக்காவிடமும் 'சரி' என்று, ஸ்டைல் பெட்டியில் ஒரே ஒரு வரி எழுதி அதை வெப்சைட்டில் தெரியாமல் மறைத்தாள். கடையிலிருந்து திருத்தும் பக்கத்தை எட்டிப் பார்க்கும் அண்ணனுக்குக் கட்டம் இருந்தது. வெப்சைட்டைப் பார்க்கும் அக்காவுக்கு இல்லை. வீட்டில் மறுபடி சிரிப்புச் சத்தம் கேட்டது. மஞ்சள் பட்டனைவிட அந்த ஒரு வரியில்தான் அவளுக்கு அதிகப் பெருமை.

ஆனால் அண்ணன் சும்மா எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற ஆளா? 'கட்டாயம்' என்று டிக் வேறு அடித்துவிட்டுப் போயிருக்கிறான். கண்ணுக்குத் தெரியாத கட்டத்தை நிரப்பாமல் ஒருத்தியும் உள்ளே வர முடியாது. 'இதை நிரப்புங்கள்' என்ற எச்சரிக்கையும் கட்டத்தோடு சேர்ந்து மறைந்துபோயிருந்தது.

டிக்கைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். விரல் அங்கே போகவும் செய்தது. பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. இப்படி இரண்டு பக்கமும் தலையாட்டித்தானே இந்த நிலைமை!

"வா, கீழ போலாம்," என்று லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள்.

கீழ்வீட்டில் அண்ணன் சாப்பாட்டு மேஜையில் இருந்தான். அண்ணி பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். சின்னவள் நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அப்ப என்னை ஏமாத்தியிருக்கே," என்றான் அண்ணன்.

"ஆமாண்ணா. அக்காவையும்தான்."

அக்கா அவளை ஒரு முறை முறைத்தாள். அண்ணன் தட்டை நகர்த்தினான். "சரி, போனது போகட்டும். கட்டத்தை வெளிய காட்டு. நிரப்பறவங்க நிரப்பட்டும்."

"அந்தக் கட்டம் இருந்தா நான் சொல்லித்தர மாட்டேன்," என்றாள் அக்கா. கோபமாகக்கூட இல்லை. "காரை வேணா இப்பவே எடுத்துக்கோண்ணா. நான் பஸ் ஓட்டிப் பொழைச்சுக்குவேன்."

இரண்டு பேரும் திரும்பிச் சின்னவளைப் பார்த்தார்கள். வழக்கம்போல் ஏதாவது நடுவாந்தரமாகச் சொல்லுவாள் என்று காத்திருந்தார்கள். அவள் லேப்டாப்பை மேஜையில் வைத்துத் திறந்தாள். கட்டத்தைத் தேர்ந்தெடுத்தாள். 'நீக்கினால் மீட்க முடியாது, சம்மதமா?' என்று கேட்டது. அண்ணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சம்மதம் என்று அழுத்தினாள். அழுத்தியதும் சுகமாக இருந்தது.

"இப்ப போகுதான்னு பாக்கணும்ல?" அண்ணி கையை அரைகுறையாகத் துடைத்துக்கொண்டு தன் போனை எடுத்தாள். "நான் போட்டுப் பாக்கறேன்."

சோதனைதானே என்று எல்லோரும் நினைத்தார்கள். சோதனைக்கு அவ்வளவு நேரம் ஆகாது. அண்ணி நிதானமாக, பரீட்சை எழுதுகிறவள் மாதிரி, எழுதி அழித்து எழுதினாள். பட்டனை அழுத்தினாள். 'வந்த பதில்கள்' பக்கத்தில் புது வரி ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் பெயர், அவள் எண், வசதியான நேரம் காலை ஏழு மணி.

"போகுது, போகுது," என்றான் அண்ணன். "சரி, அதை அழிச்சிடு."

"அழிக்காதேம்மா," என்றாள் அண்ணி. அக்காவைப் பார்த்தாள். "நாளைக்கே வரலாமா?"

"வாங்க அண்ணி," என்றாள் அக்கா. "ஆள் சேர்ந்தாச்சுண்ணா. கெடுவுக்குள்ளயே."

"ஏழு மணிக்கா?" அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப என் டிபன்?"

அண்ணி போனில் அலாரம் வைத்துக்கொண்டிருந்தாள். வைத்து முடித்து, ஈரம் காயாத கையை மேஜைக்குக் குறுக்கே அவனிடம் நீட்டினாள்.

"உங்க போனைக் குடுங்க. உங்களுக்கும் ஒண்ணு வச்சு விடறேன்."

அண்ணன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். விரல் நுனியிலிருந்து ஒரு சொட்டு மேஜையில் விழுந்தது. கை நீட்டியபடியே இருந்தது.