ஏலம் மணந்த திராட்சைத் தேறல்

கீழ்வானில் முளைத்த செவ்வொளி போடிநாயக்கனூரின் கூரைகளைத் தொட்டு, மேற்கே மலையேறி, போடிமெட்டின் வளைவுகளை ஒவ்வொன்றாய்த் துயிலெழுப்பிக் கொண்டிருந்த அவ்வேளையில், பள்ளத்தாக்கில் படுத்திருந்த பனிமூட்டம் மெல்ல எழுந்து, நெடுமரங்கள் நிழல்விரித்த ஏலச் சரிவுகளினூடே, கன்றைத் தேடும் பசுவைப்போல் நின்று நின்று நடந்தது. அச்சரிவின் இடுப்பில், தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கு நடுவே, தகரம் வேய்ந்த சிறு கிறித்தவக் கோயில் ஒன்று அடைகாக்கும் கோழிபோல் அமர்ந்திருந்தது.

அக்கோயிலின் அறுப்புத் திருநாளுக்கென ஆண்டுதோறும் திருவிருந்தில் சபையோர் பருகும் திராட்சைத் தேறலை வடித்துவந்த ஜெயபாக்கியம் மகனோடு கீழ்நாட்டுக்குக் குடிபெயர்ந்தபோது, அப்பணியைத் தானே வேண்டிப் பெற்றாள் கிருபாராணி. "இந்தக் குளிர்ல ஒன் கைக்கு நுரைக்குமாக்கும்? பாப்போம்டி" என்று சிரித்துவிட்டுப் போனாள் மூத்தவள். கம்பத்துப் பன்னீர்த் திராட்சையைக் கழுவி, துடைத்து, பிசைந்து, பீங்கான் சாடியிலிட்டு, வெண்துணியால் வாய்கட்டிய கிருபாராணி, "இதுல என் கையைத் தவிர வேற கை படக்கூடாது, கோயில் காரியம்" என்று கணவன் வேதமுத்துவுக்கு ஆணையிட்டாள். ஆயின் மலைக்குளிரில் அச்சாடி ஊமையாய்க் கிடந்தது. மாலைதோறும் கிண்டிப் பார்த்து, செவிவைத்துக் கேட்டு, ஒரு குமிழியும் எழாமை கண்டு, அவள் உண்ணாமலே படுத்தாள்.

வேதமுத்து சொல் குறைந்தவன். தோட்டத்தார் 'ஸ்டோரு' என்றழைக்கும் ஏலக்காய் உலர்த்தும் கூடத்தில் அடுப்பெரிப்பவன். மனைவி காயெடுக்கப் போனபின் அச்சாடியை மதலையைப்போல் மார்போடணைத்துச் சென்று, பசுங்காய் ஆவிவிடும் சூட்டறையில் இருத்தி, அவள் திரும்புமுன் பழைய மூலையில் வைத்துவிடுவான். சில நாளில் தேறல் நுரைத்தது.

"நுரைக்குதுங்க! காதை வச்சுக் கேளுங்க, பேசுது!"

அவனும் அப்போதுதான் அறிந்தவன்போல் குனிந்து கேட்டான்.

திருநாளன்று, கடற்கரை ஊரிலிருந்து அண்மையில் வந்த போதகர், வழிபாட்டுக்கு முன் ஒரு துளி சுவைத்துப் புருவம் சுருக்கினார். "அம்மா, இதுல ஏலக்காய் போட்டீங்களா? திருவிருந்துக்குத் திராட்சையைத் தவிர வேற எதையும் சேக்கக் கூடாதே."

"ஆண்டவர் அறியச் சொல்றேன் ஐயா, ஒன்னும் போடல!"

அவளும் சுவைத்தாள், ஏலம் தோன்றவில்லை. சபையோர் சிலரும் நாவில் தொட்டு, "திராட்சைதான்யா" என்றனர். "இன்னொரு மடக்குக் குடுத்தாத்தான் உறுதியாச் சொல்லுவேன்" என்ற காசிராஜனின் தலையில் அவன் மனைவி ஒரு குட்டு வைத்தாள். போதகர் முகமோ தெளியவில்லை. கோயிலில் பொய்யுரைத்தவள் என்னும் பழி தன்மேல் கவிவதை உணர்ந்து, கிருபாராணி முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

எப்போதும் பின்வரிசையில் இருக்கும் வேதமுத்து எழுந்தான்.

"அவ போடல ஐயா. குளிர்ல வீணாப் போயிருமேன்னு, அவ சோலிக்குப் போனதும் நாந்தான் ஸ்டோருக்குத் தூக்கிட்டுப் போயி சூட்டுல வச்சேன். அங்க மணம் ஏறிருச்சுபோல. எங்க மூக்குக்குத் தெரியல."

போதகர் தம் அங்கியின் கையை முகர்ந்து பார்த்துப் புன்னகைத்தார். "வந்து ஒரு மாசங்கூட ஆகல, இதுவே அப்படித்தான் மணக்குது. கை சேக்காததைக் கலப்புன்னு நான் சொல்ல மாட்டேன். கொண்டாங்கம்மா."

வழிபாடு முடிந்து ஒற்றையடிப் பாதையில் இறங்குகையில் அவள் பொரிந்தாள். "என் கை மட்டுந்தான்னு சொன்னேன்ல? திருட்டு மனுசன்!"

"நீ சோறு திங்காமக் கெடந்தியே தாயி."

அவள் நடையை நிறுத்தினாள். தழல்பட்டுக் காய்த்த அவன் கையைப் பற்றித் தன் முகத்தருகே கொணர்ந்து முகர்ந்தாள். ஒரு மணமும் தெரியவில்லை. மீண்டும் முகர்ந்தாள், விடவில்லை. ஏலத்தின் நடுவே வாழ்வார்க்கு ஏலம் மணப்பதில்லை. அன்பின் நடுவே வாழ்வார்க்கும், அயலார் ஒருவர் வந்து கேட்கும்வரை, அஃது அவ்வாறே மூச்சோடு மூச்சாய்க் கலந்து கிடக்கும் போலும்.