ஆறு பெற்றவளின் ரத்தம்

தன் கிட்னியில் ஒன்றைப் பெண்டாட்டிக்குக் கொடுக்கப் போவதாக வெயிலுமுத்து சொன்னதும் தாராவித் தோல் பட்டறையே கூடிச் சிரித்தது.

"ஏல கிறுக்கா! மூட்டை தூக்குத ஒடம்ப அறுத்துக் குடுப்பியாக்கும்? சொர்ணம் போனா இன்னொருத்தி வாறா" என்றான் கூட்டாளி இசக்கி.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? வெயிலுமுத்து காதில் வாங்கவில்லை. சொர்ணம்மாளுக்குத் தாய் தகப்பனும் இல்லை, கூடப் பிறந்ததும் இல்லை. ஆறு பிள்ளைகளும் சின்னதுகள். கொடுக்க அவன் ஒருவன்தான். ரத்தப் பிரிவு ஒத்துப்போன அன்று, "ரெண்டு பேருக்கும் ஒரே ரத்தம்வே!" என்று கண்டவனுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தான், பாவி.

ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு சோதனை பாக்கி இருந்தது. அந்த அறுபத்தொன்பதாம் வருஷத்தில் அது புதிது. அவள் ரத்தத்தின் தெளிந்த நீரில் இவனுடைய வெள்ளணுக்களைக் கலந்து பார்த்தார்கள். அத்தனையும் செத்துப்போயின.

டாக்டர் ஷ்யாமளா, பம்பாயில் தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காக்காரி. தமிழிலேயே சொன்னாள். "ஒவ்வொரு கர்ப்பத்திலயும் கொழந்தையோட ரத்தம் துளித்துளியா தாய் ரத்தத்துல கலக்கும். கொழந்தைல பாதி நீங்க இல்லையா? அந்தப் பாதியை அன்னியம்னு எடுத்துண்டு, எதிர்க்கறதுக்கு ஆன்டிபாடி பண்ணி வெச்சிருக்கு அவ ஒடம்பு. ஆறு கொழந்தை வேற. உங்க கிட்னியை வெச்சா மேஜைலயே கறுத்துப் போயிடும்."

"வேற என்ன செய்ய, டாக்டரம்மா?"

"செய்யறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லப்பா."

கேட்டீர்களா அநியாயத்தை! வேறொருவனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் இவன் கிட்னி அவளுக்குச் சேர்ந்திருக்குமோ என்னவோ. தாலி கட்டிப் பிள்ளை கொடுத்தது குற்றமாகிவிட்டது.

வார்டில் சொர்ணம்மாள் முகம் வீங்கிப் படுத்திருந்தாள். மூத்தவள் ஆறுமுகத்தாய் கால்களை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னிக்கு அறுக்காவளாம்?" என்று ஆசையோடு கேட்டாள் சொர்ணம்மாள்.

அவனுக்குப் பொய் சொல்லவும் வரவில்லை. உளறிவிட்டான். "அறுக்க மாட்டாவளாம். ஆறு பெத்தேல்லா... பிள்ளையள்ட்ட இருந்த என் ரத்தம் ஒன் ரத்தத்துல சேந்து, என்னய எதிரியா ஆக்கிட்டாம்."

மகளின் கைகள் நின்றன. "நாங்க பொறந்ததுனாலயாம்மா?"

சொர்ணம்மாளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது, இனிப் பிழைக்க மாட்டோம் என்பதும் சேர்த்து. ஆனாலும் புருஷனை முறைத்தாள்.

"டாக்டரம்மா இங்கிலீசுல ஏதோ சொல்லிருப்பாவ. இந்த மனுசனுக்கு என்னத்த வெளங்கிச்சோ! நீ அமுக்கு, தாயி."

வெயிலுமுத்து மகளைப் பார்த்தான்.

"ஆமாட்டி" என்றான். "எனக்கு ஒண்ணும் வெளங்கல."