மணல் தூவாத கோடுகள்

மழை விழத் தொடங்கிய முதல் கால் மணி நேரத்தில் அந்த லென்ஸ்காரரை யாராலும் கடையை விட்டுக் கிளப்ப முடியாது. மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்ப்பது அவர் வேலை. ஆறு மணிக்கு ஷட்டரை இறக்கியபின், மற்றவர்கள் தலையில் பாலிதீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு வண்டியை உதைத்துப் பறப்பார்கள். இவர் மட்டும் கூரைக்கடியில் நின்று சாலையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

"தூறல்தானே ஆமை அண்ணே, கிளம்புங்க."

"தூறல்தாம்ப்பா ஆளைக் கவுக்கும். ரோட்டுல இருக்கற எண்ணெய் எல்லாம் இப்பத்தான் மேல மிதக்கும். நல்லா கொட்டி, கழுவி விடட்டும். அப்புறம் போறேன்."

ஆமை என்ற பெயர் அவருக்குக் கடையில் வைத்தது. அவர் அதற்காகக் கோபப்பட்டதே இல்லை. டயரில் வரிப்பள்ளம் தேய்ந்திருக்கிறதா என்று மாதத்துக்கு ஒருமுறை தீக்குச்சியைச் செருகிப் பார்ப்பார். ஹெல்மெட் கண்ணாடியில் பனி படியாமலிருக்க உட்புறம் சோப்பு தடவித் துடைப்பார். சாக்கடை மூடி, இரும்புத் தகடு, வானவில் மாதிரி மினுங்கும் டீசல் கறை, எதன்மேலும் ஏற்றமாட்டார். எல்லாவற்றையும்விட அவர் பயந்தது சாலையில் போடும் வெள்ளைக் கோட்டுக்கு. கடைக்குப் பக்கத்து வளைவில் ஒரு நடைபாதைக் கோடு உண்டு. சாலையின் முழு அகலத்துக்கும் பட்டை பட்டையாக இருப்பதால் ஒதுங்கிப் போக வழி கிடையாது. மழை நாளில் அந்த இடம் வந்தால் இன்ஜினை நிறுத்தி, இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்து, அந்தப்பக்கம் போய் மறுபடி ஏறிக்கொள்வார். பார்த்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அந்தக் கோடுகளைப் போடுகிறவன் அவர் மனைவியின் தம்பி.

சாலையில் கோடு போடும் குழுவில் அவனுக்குப் பதினோரு வருட அனுபவம். வெள்ளைத் தூளைக் கொப்பரையில் உருக்கிக் கொதிக்கக் கொதிக்கப் பெட்டிவண்டியில் ஊற்றி, கயிறு பிடித்த நேர்கோட்டில் இழுத்துக்கொண்டே போவான். பின்னால் வருகிறவன் அதன்மேல் பொடிக் கண்ணாடி மணிகளைத் தூவுவான். விளக்கு வெளிச்சத்தில் மின்னுவதற்கு. முன்பெல்லாம் அவ்வளவுதான். இரண்டு வருடமாகக் கண்ணாடி மணியோடு சொரசொரப்பான மணலையும் தூவச் சொல்லி உத்தரவு வந்திருந்தது. ஈரத்தில் இருசக்கர வண்டிகள் வழுக்காமலிருக்க அதுதான் பிடிமானம். கோடு இறுகுவதற்குள் தூவினால்தான் ஒட்டும். இறுகியபின் கொட்டினால் காற்றில் போய்விடும்.

அக்காவை விடப் பல வயது சின்னவன் என்பதால், அந்த வீட்டில் அவன் பாதி தம்பி, பாதி பிள்ளை. அக்காவுக்குக் கல்யாணம் ஆன புதிதில் லென்ஸ்கார மாமாதான் அவனுக்குப் பள்ளிக்கூடக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுத்தார். வேலை இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாடு அங்கேதான்.

மழைக்காலம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பு, ஒரு ஞாயிறு பிற்பகல், கடை வளைவுக் கோட்டைப் புதுப்பிக்கும் வேலை வந்தது. அன்றைய பட்டியலில் அது ஏழாவது. ஆறாவதிலேயே மணல் மூட்டை தீர்ந்துவிட்டது.

"மணல் இல்லையே சார்," என்றான் அவன்.

சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்த்தார். "நாலு மணிக்கு ரோட்டைத் திறந்து விடணும். போட்டு முடி. மணி மட்டும் தூவு."

"ஈரத்துல வழுக்கும் சார்."

"நாளைக்கு வந்து சரி பண்ணிக்கலாம்யா. கொப்பரை ஆறுது பாரு."

சரிபண்ண முடியாது என்பது இரண்டு பேருக்கும் தெரியும். அவன் பெட்டிவண்டியை இழுத்தான். பால் மாதிரி வழுவழுவென்று, ஒரு கொப்புளம் இல்லாமல் வந்தது கோடு. முடிந்ததும் வேலைத்தாளை நீட்டினார்கள். 'மணல் தூவப்பட்டது' என்ற கட்டத்தில், மற்ற ஆறு இடங்களுக்கும் போட்டதைப் போலவே ஏழாவதற்கும் டிக் போட்டுக் கையெழுத்திட்டான். மறுநாள் வேறு ஊர்ச் சாலையில் வேலை. அடுத்த நாள் வேறொன்று.

அடுத்த ஞாயிறு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மாமாவே பேச்சை எடுத்தார்.

"எங்க கடைகிட்ட புதுசா போட்டிருக்கீங்களே மாப்ள. கண்ணைப் பறிக்குது. நீ போட்டதா?"

"நாங்கதான் மாமா."

"இப்ப என்னமோ மணல் எல்லாம் போடறீங்கன்னியே. இதுலயும் போட்டிருக்கா? மழையில ஏத்தலாமா, இல்ல வழக்கம்போல தள்ளிட்டுத்தான் போகணுமா?"

பதினேழு வயது மகள் சிரித்தாள். "ஏத்துங்கப்பா. என் பிரெண்ட்ஸ் எல்லாம் பாத்துட்டு என்னைக் கேலி பண்றாங்க."

அவன் கையில் இருந்த கவளத்தைப் பார்த்தான். இல்லை என்று சொன்னால் ஏன் என்ற கேள்வி வரும். ஏன் என்று சொன்னால், டிக் போட்டதைச் சொல்ல வேண்டும். இவர் முன்னால் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

"எல்லாத்துலயும் போட்டிருக்கோம் மாமா. பயப்படாம ஏத்துங்க."

"அப்ப சரி. இனிமே ஆமைக்கு விடுதலை," என்று சொல்லி அவர் தண்ணீர் குடித்தார்.

மூன்று வாரம் கழித்து மழை பிடித்தது.

அன்று மாலை லென்ஸ்காரர் கூரைக்கடியில் இருபது நிமிடம் நின்றார் என்று கடைப்பையன்கள் பிறகு சொன்னார்கள். மழை வலுத்து, சாலை கழுவிக்கொண்டு ஓடியபின்தான் கிளம்பினார். வளைவில் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் கோட்டில் கால் வைத்தாள். அவர் நிறுத்தப் பார்த்தார். இரண்டு பிரேக்கையும் மெதுவாகத்தான் பிடித்திருப்பார். அவருக்கு வேறு மாதிரி பிடிக்கத் தெரியாது. முன்சக்கரம் வெள்ளைப் பட்டையில் இருந்தது. வண்டி அவரை விட்டு விலகி ஒரு பக்கம் போக, அவர் சறுக்கிப் போய் ஓரத்து இரும்புக் கம்பித் தடுப்பில் மார்பு இடித்து நின்றார். தலைக்கு ஒன்றுமில்லை. ஹெல்மெட்டில் கீறல்கூட இல்லை. விலா எலும்புகள் உள்ளே குத்திவிட்டன.

குழந்தை வண்டிக்காரி பயந்துபோய்ச் சென்றுவிட்டாள். எதிர்ப்பக்கம் பத்திரிகை விற்பவர் மட்டும்தான் பார்த்தவர். "சர்ருன்னு வந்து விழுந்தாருங்க," என்றார். சறுக்குகிற வண்டி யாருக்கும் வேகமாக வந்தது போலத்தான் தெரியும். ஈரச் சாலையில் அதிவேகம் என்று போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு இரண்டாம் நாள் காலையில் நினைவு இருந்தது. அக்கா மருந்து வாங்கப் போயிருந்தாள். அவன் கட்டில் அருகில் நின்றான். அவர் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார்.

"நான் வேகமா வரல மாப்ள."

"தெரியும் மாமா. பேசாதீங்க."

"எப்படி விழுந்தேன்னே புரியல. எல்லாம் சரியாத்தான் பண்ணேன்." கண்ணை மூடித் திறந்தார். "எங்க தப்பு பண்ணேன்?"

அப்போது சொல்லியிருக்கலாம். நர்ஸ் வந்து அவனை வெளியே நிற்கச் சொன்னாள். அவன் நிம்மதியோடு வெளியே போனான். அந்த நிம்மதியை அவனால் பின்னால் எந்த நாளும் மன்னிக்க முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு அவர் போய்விட்டார்.

வந்தவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி துக்கம் விசாரித்தார்கள். மழையில் என்ன அவசரம், வீட்டில் பெண்டாட்டி பிள்ளை இருக்கும்போது நிதானம் வேண்டாமா. அக்கா முதலில் மறுத்துச் சொல்லிப் பார்த்தாள். இருபத்திரண்டு வருஷம் நான் பின்னாடி உக்காந்திருக்கேன், எனக்குத் தெரியாதா என்று கேட்டாள். அவர்கள் தலையாட்டினார்கள், நம்பவில்லை. அப்புறம் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள்.

அவனை உடைத்தது மகள்தான். நாற்பது நாள் இருக்கும். அவளைக் கல்லூரியில் சேர்க்கும் விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். தந்தை பெயர் எழுதும் இடத்தில் பேனா நின்றது.

"மாமா, ஒண்ணு கேக்கட்டா? அப்பா எங்க முன்னாடி மட்டும்தான் மெதுவா ஓட்டுவாரா?"

"என்னம்மா பேசற?"

"பின்ன எப்படி? போலீஸ் பொய்யா எழுதுவாங்க? எங்களுக்கு அத்தனை உபதேசம் பண்ணிட்டு, தனியா போறப்ப பறந்திருக்காரு. எனக்கு அவர்மேல கோபம் கோபமா வருது மாமா. அழுகைகூட வரமாட்டேங்குது."

அவன் எழுந்து வெளியே போனான். நேராக அந்த வளைவுக்குப் போனான். வெயில். ஒரு பாட்டில் தண்ணீரை வெள்ளைப் பட்டைமேல் ஊற்றி, செருப்புக் காலை வைத்து அழுத்தித் தேய்த்தான். கால் தானாக வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவது பட்டையில் ஊற்றினான். அதுவும் அப்படித்தான். பின்னால் வந்த ஆட்டோக்காரர் ஹாரன் அடித்து, "யோவ், சாகறதுக்கு வேற இடம் கிடைக்கலையா?" என்று கத்தினார்.

திரும்பி வந்தபோது அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அவன் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். மணல் தீர்ந்தது, கோடு போட்டது, டிக் போட்டது. அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நறுக்குவதை மட்டும் நிறுத்தினாள்.

"அவரு உன்கிட்ட கேட்டாரே. அன்னிக்கு. சாப்பிடறப்ப."

"கேட்டாருக்கா."

"நீ என்ன சொன்ன?"

"உனக்குத்தான் தெரியுமே."

"உன் வாயால சொல்லு."

"பயப்படாம ஏத்துங்கன்னு சொன்னேன்."

அவள் அடுப்பை அணைத்தாள். அடிப்பாள் என்று அவன் நினைத்தான். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தான்.

"அவரு கேள்வி கேட்டப்ப நான் மோர் ஊத்திட்டிருந்தேன்," என்றாள். "உன் மூஞ்சியப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். சின்ன வயசுலேருந்து நீ பொய் சொன்னா எனக்குத் தெரியும்."

"அக்கா..."

"உள்ள போ. அவகிட்ட சொல்லு. ஒரு வார்த்தை குறைக்காம சொல்லு. அவ அப்பா வேகமா போகலைன்னு அவளுக்குத் தெரியணும். அப்புறம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சொல்லு." குரல் அங்கேதான் உடைந்தது. "அதுக்கப்புறம் இங்க வராதே."

மகள் முழுவதையும் கேட்டாள். பாதியில் நின்ற விண்ணப்பத்தை இழுத்துக்கொண்டு அப்பாவின் பெயரை எழுதினாள். எழுதி முடித்ததும் மேஜைமேல் கவிழ்ந்து, நாற்பது நாளாக வராத அழுகையை அழுதாள். அவளைத் தொட அவன் கை நீண்டு, பாதியில் நின்றது.

ஸ்டேஷனில் முதலில் அவனை நம்பவில்லை. பைத்தியமா என்று பார்த்தார்கள். மூன்றாம் முறை போனபோது எழுதிக்கொண்டார்கள். பொறியாளர் ஒருவர் வந்து கருவி வைத்து, தண்ணீர் ஊற்றிச் சோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். அறிக்கை மாறியது: ஓட்டுநர்மேல் தவறில்லை, சாலைப்பரப்பில் பிடிமானம் இல்லை. சூப்பர்வைசருக்கும் அவனுக்கும் வேலை போனது, வழக்கு நடக்கிறது. வளைவில் இருந்த கோட்டை இயந்திரம் வைத்துச் சுரண்டி எடுத்துப் புதிதாகப் போட்டார்கள். கண்ணாடிக் கடைக்காரர்கள் அறிக்கையின் நகலை அக்காவிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள் என்று கேள்விப்பட்டான். அவள் அதைப் படித்தாளா என்று யாரும் சொல்லவில்லை. அவன் இப்போது ஒரு பெயின்ட் குடோனில் டப்பா அடுக்குகிறான்.

அடுத்த மழைக்காலத்தில், ஒரு காலை, புது எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"மாமா, நான்தான்."

அவன் கையிலிருந்த டப்பாவைக் கீழே வைத்தான்.

"அப்பா வண்டியை எடுத்து ஓட்டக் கத்துக்கிட்டேன். இன்னிக்கு அதுலதான் காலேஜ் போறேன். இங்க மழை பெய்யுது. பாலத்துகிட்ட ஒரு கோடு இருக்கே. அது நீங்க போட்டதா?"

"ஆமாம்மா."

"அதுல மணல் இருக்கா?"

"இருக்கு. நானே தூவினேன்." சொல்லும்போதே தன் குரல் தனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. "ஆனா என் பேச்சை நம்பி ஏத்தாதே கண்ணு. இறங்கி, காலால தேய்ச்சுப் பாரு. முடியலன்னா தள்ளிக்கிட்டே போ. சிரிச்சா சிரிக்கட்டும்."

"சரி."

"மழை விட்டு ஒரு கால் மணி நேரம்..."

"விட்டு இல்ல மாமா, பிடிச்சு. தெரியும். அப்பா சொல்லியிருக்காரு."

அந்தப்பக்கம் பாத்திரம் உருளும் சத்தம், பிறகு அக்காவின் குரல். "யாருடி போன்ல?"

"பிரெண்டும்மா," என்றாள் அவள். அழைப்பைத் துண்டித்தாள்.

அவன் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைச் சேமித்து வைத்துக்கொண்டு, மீதி டப்பாக்களை அடுக்கப் போனான்.