பம்பரம் கேப்டன் ஆன நாள்

'வளையம் ஏழு' தொடரின் கேப்டன் பாதியிலேயே செத்துப்போவான் என்று ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. அவனுக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த கம்பீரம் அண்ணனுக்கே தெரியாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் டப்பிங் டைரக்டரின் பிடிவாதம். கதையை முன்கூட்டியே யாருக்கும் சொல்ல மாட்டார். "அடுத்த வாரம் அழப்போறோம்னு தெரிஞ்சா இந்த வாரமே குரல்ல ஈரம் வந்துடும்" என்பார். அன்றைக்கு எந்த எபிசோடோ அதற்கான வசனத் தாள் மட்டும், அதுவும் காட்சி காட்சியாக, மைக் முன்னால் நின்ற பிறகுதான் கைக்கு வரும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவரும் சவுண்ட் இன்ஜினியரும். இந்தப் பக்கம் மைக், ஹெட்போன், திரை, குரல் கொடுப்பவர்கள். திரையில் வாய் அசைந்தால் இங்கே பேச வேண்டும், அவ்வளவுதான். நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டால் முறைப்பார்.

இந்த ஏற்பாட்டில் வசமாக மாட்டிக்கொண்டவள் கீச்சு. அவளுடைய நிஜப் பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது, கூப்பிடத்தான் ஆளில்லை. சந்தைக் கூட்டம், தொட்டில் குழந்தை, கதவுக்குப் பின்னாலிருந்து கத்தும் பக்கத்துவீட்டுக்காரி, ஆடு, மாடு, ஒருமுறை கோபக்காரக் குளிர்சாதனப் பெட்டி, எல்லாம் அவள்தான். முகம் தெரிகிற பாத்திரம் வந்ததில்லை. வந்தாலும் நாலு வரிக்கு மேல் இருந்ததில்லை.

'வளையம் ஏழு' முதல் எபிசோடிலும் நாலே வரிதான். வானத்தில் சக்கரம் போல மிதக்கும் ஒரு விண்வெளி அகாடமி. அதில் படிக்க வரும் பிள்ளைகள். எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுகிற முதல் மாணவன், அவனைத்தான் எல்லாரும் கேப்டன் என்பார்கள். அவன் பின்னால் ஒரு பொடிப்பெண். எடையில்லாத அறைக்குள் விட்டால் கிறுகிறுவென்று சுற்றுவாள், சுற்றி முடித்ததும் வாந்தி எடுப்பாள். பேரே பம்பரம். பைலட் தேர்வில் மூன்று முறை மண்ணைக் கவ்வியவள். பார்த்ததும் கீச்சுவுக்குக் குஷி பிறந்துவிட்டது. நாலு வரிதானே என்று இரண்டு விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "ஐயய்யோ, மறுபடியும் சுத்துதே!" என்று ஒரு கத்து கத்தினாள். இன்ஜினியர் நாற்காலியிலிருந்து விழாத குறை. டைரக்டரே சிரித்துவிட்டார். அந்தக் குரலே நிலைத்துவிட்டது.

அதன்பிறகு ஒவ்வொரு எபிசோடிலும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். பம்பரத்துக்கும் வரிகள் கூடிக்கொண்டே போயின. மூக்கைப் பிடித்தால் மூச்சு பத்தாது. ஒரு வரி பேசுவாள், விடுவாள், மூச்சு வாங்குவாள், மறுபடியும் பிடிப்பாள். மூக்கு நுனி மிளகாய் மாதிரி சிவந்து கிடக்கும். பஸ் ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர், "என்னடி, அங்க வேலைக்குப் போறியா, குத்துச்சண்டைக்குப் போறியா?" என்று கேட்காத நாளில்லை.

அன்றைக்கு சேனல் மேடம் வந்து டைரக்டருக்குப் பின்னால் சோபாவில் உட்கார்ந்திருந்தார். மேடம் வந்தாலே ஏதோ பெரிய விஷயம் என்று அர்த்தம். திரையில் எரிபொருள் கிடங்கு தீப்பிடித்தது. ஆசிரியர்கள் போன கப்பல் தொடர்பிலேயே இல்லை. கேப்டன் எரிகிற தொட்டியை ஒரு சின்ன ஓடத்தில் கட்டி இழுத்துக்கொண்டு வெளியே பாய்ந்தான். கம்பீரம் அண்ணன் நெஞ்சை நிமிர்த்தி, மைக்கே நடுங்கும்படி முழங்கினார்.

"கதவை மூடுங்க. எனக்காகக் காத்திருக்காதீங்க. என் நாற்காலியில பம்பரம் உட்காரட்டும்!"

திரை முழுக்க ஒரே வெள்ளை வெளிச்சம். அண்ணன் தாளைத் திருப்பினார். மறுபடியும் திருப்பினார்.

"அடுத்த வரி எங்க சார்?"

"இல்லண்ணே," என்றார் டைரக்டர்.

"இல்லைன்னா? பிரிண்ட் ஆகலையா?"

"நீங்க செத்துட்டீங்கண்ணே."

அண்ணன் ஹெட்போனைக் கழற்றினார். "பாதித் தொடர்லயா? போஸ்டர்ல நடுவுல நிக்கிறது நான்தானே! ஓடம் வெடிச்சா என்ன, கனவுன்னு சொல்லி எழுப்பிட மாட்டாங்களா?"

"மாட்டாங்க. நிஜமாவே செத்துட்டீங்க."

பாவம், தன் சாவுச் செய்தியைத் தானே கேட்ட மனுஷன் சுவரோரம் போய் ஒரு ஸ்டூலில் சாய்ந்துவிட்டார். கீச்சுவுக்கு அவரைப் பார்த்துப் பரிதாபம் ஒரு பக்கம். ஆனால் மறு பக்கம் அவர் பேசிய கடைசி வரி அவள் காதிலேயே நின்றது. நாற்காலியில் பம்பரமா? என் பம்பரமா? அடுத்த காட்சிக்கான தாளைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தாள். வெடித்த வேகத்தில் அகாடமி தறிகெட்டுச் சுற்ற ஆரம்பிக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள் எல்லாம் தலைசுற்றி மயங்கி விழுகிறார்கள். சுற்றிச் சுற்றியே பழகிப்போன ஒருத்திக்கு மட்டும் தலை நிற்கிறது. வாந்திக்காரப் பம்பரம் தவழ்ந்து போய் கேப்டன் நாற்காலியில் ஏறி, ஒலிபெருக்கியில் மொத்தப் பள்ளியையும் பார்த்துப் பேசுகிறாள். ஒரு முழுத் தாள் வசனம்! இதுவரை அவள் வாழ்க்கையில் ஒரு முழுத் தாளை யாரும் நம்பிக் கொடுத்ததில்லை. கீச்சு அங்கேயே ஒரு குதி குதித்தாள்.

"இனிமே தொடர் முழுக்க இவதான் நாயகி," என்றார் டைரக்டர். "போலாமா?"

மூக்கைப் பிடித்தாள். ஆரம்பித்தாள். "எல்லாரும் கேளுங்க. கேப்டன் திரும்பி வரமாட்டார்."

இன்ஜினியர் களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மேடம் நெற்றியில் கை வைத்தார். சாவு வீட்டில் பீப்பீ ஊதினது போல இருந்தது. அடுத்த டேக்கில் மூக்கை விட்டுவிட்டு, ஒரு நாயகிக் குரலை வரவழைத்துப் பேசினாள். அது சரியாக வந்தது, ஆனால் பம்பரமாக வரவில்லை. திரையில் பம்பரம், காதில் யாரோ.

"பார்க்கிறவங்க டிவி கெட்டுப்போச்சுன்னு தட்டிப் பார்ப்பாங்க," என்றார் மேடம். அவர் கெட்டவர் இல்லை, கணக்குத் தெரிந்தவர். "மூக்கைப் பிடிச்சா சிரிப்பு வருது. விட்டா வேற ஆளா இருக்கு. எப்படியும் குரல் மாறத்தான் போகுதுன்னா, பேர் இருக்கிற குரலா மாறட்டும். பெரிய நாயகிகளுக்கெல்லாம் பேசற தேன்குரலைச் சாப்பாட்டுக்கு அப்புறம் வரச் சொல்லிடறேன். நீங்க தப்பா நினைக்காதீங்கம்மா, கூட்டத்துக் குரலுக்கு நீங்கதான்."

கூட்டத்துக் குரலுக்கு நீங்கதான். கீச்சு சிரித்த முகத்தோடு தலையாட்டிவிட்டு, நேராகக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தி, குழாயைத் திறந்துவிட்டு ஓவென்று அழுதாள். அவளுக்கு அந்த நாற்காலி வேண்டும். நாகரிகமாகச் சொல்ல வரவில்லை, வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணை அத்தனை வாரமும் மூச்சு முட்டச் சுமந்தவள் இவள். சிரிக்க வைக்கத்தான் லாயக்கு என்று இவளே போட்ட முத்திரை இவள் தலையிலேயே வந்து விழுந்திருக்கிறது. அந்த நாலு வரி வளரும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த மூக்கைத் தொட்டிருப்பாளா? டைரக்டர் மேல் ஒரு கோபம், தேன்குரல் மேல் காரணமே இல்லாத இன்னொரு கோபம், எல்லாம் சேர்த்து அழுது தீர்த்தாள்.

கைப்பையை எடுக்க அறைக்குத் திரும்பினாள். எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் கால் நகரவில்லை. மைக் பக்கத்தில் நின்று கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்தாள்.

"சார், போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவை குடுங்க சார். பதிவு பண்ண வேண்டாம். நான் அவளை ஒரு தடவை முழுசாப் பேசிட்டுப் போயிடறேன்."

இன்ஜினியர் விருட்டென்று நிமிர்ந்தார். "மறுபடி பேசுங்க."

"என்ன பேச?"

"எதையாவது பேசுங்கக்கா!"

"எதையாவதுன்னா என்னத்தைப் பேசறது? அதான் என்னைப் போகச் சொல்லிட்டீங்களே..."

"சார்!" இன்ஜினியர் எழுந்தே நின்றுவிட்டார். "அவங்க கையைப் பாருங்க சார்!"

ஒரு கையில் கைப்பை, மறு கையில் கசங்கிய கைக்குட்டை. மூக்குப் பக்கம் எந்தக் கையும் இல்லை. ஆனால் ஒலிபெருக்கியில் வந்தது சாட்சாத் பம்பரத்தின் குரல். அழுது அழுது மூக்கு இரண்டு பக்கமும் அடைத்துக்கிடந்தது. அதே குரல், ஆனால் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

டைரக்டருக்கு ஒரு நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது. "காட்சியைப் போடு! மூக்கு தெளியறதுக்குள்ள! யாரும் அவங்களுக்கு வெந்நீர் கொடுத்துத் தொலைக்காதீங்க! ஒரே டேக், வெட்டு கிடையாது!"

கம்பீரம் அண்ணன் ஸ்டூலிலிருந்து எழுந்து ஓடிவந்து அவள் கைப்பையைப் பிடுங்கினார், ஹெட்போனை அவள் தலையில் மாட்டினார், தாளை மைக் எதிரே தூக்கிப் பிடித்தார். "தங்கச்சி, மூக்கைச் சிந்திடாதே. உனக்குக் கோடிப் புண்ணியம்." மேடம் சோபாவின் நுனிக்கு வந்துவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது.

பம்பரம் நாற்காலியில் ஏறினாள். வாய் திறந்தாள்.

"எல்லாரும் கேளுங்க. நான் பம்பரம் பேசுறேன். கேப்டன் திரும்பி வரமாட்டார்."

இந்த முறை யாரும் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. கீச்சு பேசிக்கொண்டே போனாள். "தலை சுத்துதா? சுத்தும். வாந்தி வருதா? எடுத்துடுங்க, வெக்கப்படாதீங்க. நான் இங்க வந்த நாளா அதைத்தான் செய்யறேன். நீங்க சிரிச்சீங்க. பரவாயில்லை, நானும்தான் சிரிச்சேன்."

அது யாருக்காக எழுதின வரியோ, அவளுக்கு வலித்தது. நல்லவேளை, வலிக்க வலிக்க மூக்கு இன்னும் அடைத்தது. அரைத் தாள் தாண்டியாயிற்று. வாயசைவு கச்சிதமாகப் பொருந்துகிறது. இன்ஜினியர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

அங்கேதான் வந்தது வினை. கட்டை விரலைப் பார்த்ததும் கீச்சுவுக்குச் சந்தோஷம் பொங்கிவிட்டது. சந்தோஷம் வந்தால் அழுகை நிற்கும், அழுகை நின்றால்? இடது பக்க மூக்கு மெல்லத் திறந்துகொள்வது அவளுக்கே தெரிந்தது. தாளில் இன்னும் ஆறேழு வரி பாக்கி. ஒரு கை தானாக மூக்கை நோக்கிப் போனது. அண்ணன் கண்ணை உருட்டி, வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். கீச்சு திரையைப் பார்த்தாள். பம்பரம் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளும் அழுகையை முடித்துவிட்டிருந்தாள்.

கீச்சு கையைக் கீழே போட்டாள். வருவது வரட்டும்.

"கேப்டன் என்னை ஏன் இங்க உட்காரச் சொன்னார்னு எனக்கு இப்பதான் புரியுது." ஒரு பக்கம் அடைப்பு விட்டு, குரல் சற்றே இறங்கியது. "நான் கெட்டிக்காரி இல்லை. எனக்குத் தெரிஞ்சது ஒண்ணே ஒண்ணு, சுத்துறது." வலது பக்கமும் திறந்தது. ஒவ்வொரு வார்த்தைக்கும் குரல் தெளிந்துகொண்டே வந்தது, பிசிறு இல்லாமல், ஆழமாக. எந்த இடத்தில் பொடிப்பெண் முடிந்தாள், எந்த இடத்தில் கேப்டன் தொடங்கினாள் என்று சொல்லவே முடியாது. "பயமா இருந்தா எல்லாரும் கண்ணை மூடிக்குங்க. நான் மூட மாட்டேன்."

திரையில் வளையத்தின் சுழற்சி மெதுவாக அடங்கியது. சிவப்பு விளக்கு அணைந்தது.

சோபாவிலிருந்து மேடத்தின் குரல் வந்தது. "கடைசி வரிகளைப் பேசினது யாரு?"

"இவங்கதான்," என்றார் டைரக்டர்.

"முதல்ல பேசினது?"

"அதுவும் இவங்கதான் மேடம். நீங்க பார்த்துக்கிட்டுதானே இருந்தீங்க?"

"பார்த்தேன். ஆனா அந்தப் பொண்ணுதான் வளர்ந்துட்டான்னு நினைச்சேன்." மேடம் போனை எடுத்தார். "தேன்குரல் மேடமா? சாரி மேடம், இன்னைக்கு வர வேண்டாம். ஆள் இருக்காங்க."

கம்பீரம் அண்ணன் தாளைக் காற்றில் பறக்கவிட்டு, "செத்தா இப்படிச் சாகணும்டா!" என்று கத்தினார். டைரக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கீச்சுவுக்குத் தலைகால் புரியவில்லை. சிரித்தாள், ஹெட்போன் வயரில் கால் மாட்டித் தடுக்கினாள், மறுபடியும் சிரித்தாள்.

"அடுத்த எபிசோட்லயிருந்து என்ன குரல் சார் வைக்கறது?" என்று கேட்டாள்.

டைரக்டர் இன்ஜினியரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் பதிவைப் பின்னால் ஓட்டி, பெரிய ஒலிபெருக்கியில் கடைசி வரிகளைப் போட்டார். கீச்சு கேட்டாள். பால் பொங்குது, அடுப்பை அணைங்க என்று வீட்டில் கத்துகிற குரல். காய்ச்சலில் கிடந்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து, ஒண்ணுமில்லடா, அம்மா இங்கதான் இருக்கேன் என்று சொன்ன குரல். இத்தனை வருஷத்தில் ஆடாக, மாடாக, குளிர்சாதனப் பெட்டியாக எல்லாம் பேசியிருக்கிறாள். இந்தக் குரலை மட்டும் அவள் மைக் முன்னால் கொண்டுவந்ததே இல்லை. அது இப்போது அந்த அறை நிறைய ஒலித்துக்கொண்டிருந்தது.

"இன்னொரு தடவை போடுங்க," என்றாள்.