ஹாரூலா வீட்டு ஜன்னல்

என் கணவர் தீமியோஸ் வோலோஸில் வங்கி மேனேஜராக இருந்தவர். பண நெருக்கடி வந்த வருஷம் அவருடைய கிளையை மூடிவிட்டார்கள். கையில் யூரோ இல்லாதவர்கள் சேர்ந்து எங்களுக்குள் ஒரு பணம் வைத்துக்கொண்டோம். அதற்கு 'விதை' என்று பெயர். நோட்டு, காசு எதுவும் கிடையாது. யாருக்காவது வேலை செய்தால் கம்ப்யூட்டர் கணக்கில் விதை ஏறும், எதையாவது வாங்கினால் இறங்கும். இவர், 'கணக்குப் பார்த்துத் தருவேன்' என்று பெயர் கொடுத்தார். பணமே இல்லாத ஊரில் யாருக்கு ஐயா வேண்டும் கணக்கு? ஒரு ஈ காக்கைகூடக் கூப்பிடவில்லை. மனிதர் ஷேவ் செய்வதையே விட்டுவிட்டார்.

பிறகு ஜன்னல் பழுது பார்ப்பதாகப் போட்டார். அதற்கும் ஆளில்லை. நான் தையலில் சேர்த்த விதையை, எதிர்வீட்டில் முட்டை விற்கும் ஹாரூலாவின் கணக்கில் போட்டு, "அவரக் கூப்பிடுடி, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிடாத" என்று கெஞ்சினேன். கூப்பிட்டாள். விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார். நன்றாக மூடிக்கொண்டிருந்த அவள் வீட்டு ஜன்னல் அன்றிலிருந்து மூடவில்லை. திரும்பத் திரும்ப அவரைக் கூப்பிட அதுவே சாக்காகப் போயிற்று.

குளிர்காலத்தில் எனக்குத் தையல் வேலை எதுவும் வரவில்லை. ஹாரூலாவுக்கு ஒன்றும் போட முடியவில்லை. ஆனாலும் இவர் போய்க்கொண்டுதான் இருந்தார். வேலை பிடித்துப்போய்த்தான் கூப்பிடுகிறாள் என்று நானும் நம்பிவிட்டேன், முட்டாள்.

சனிக்கிழமை சந்தையில் ஹாரூலா ஒரு பை மாவு எடுத்தாள். விதைக் கணக்கு பார்க்கும் மேசையில் இருந்த பெண் தயங்கினாள். "அக்கா, நீங்க மைனஸ்ல ரொம்ப தூரம் போயிட்டீங்க."

இவர் தொண்டையைச் செருமினார். "ஒழைக்காம எடுத்துக்கிட்டே போனா? இது என்ன தர்மச் சத்திரமா?"

சந்தையே திரும்பிப் பார்த்தது. எனக்கு அப்போதுதான் உறைத்தது. இவருக்குத் தன் கணக்கிலிருந்தே கொடுத்துக் கொடுத்து வந்த அவளுடைய மைனஸ் முழுக்க எங்கள் வீட்டில்தான் இருந்தது. அந்த விதையில் பண்டிகைக்கு நாங்கள் வாங்கித் தின்ற கோழி உட்பட. வாயைத் திறந்தால் இவர் மானம் போகும், திறக்காவிட்டால் அவள் மானம். நான் திறக்கவில்லை.

ஹாரூலா மாவைத் திரும்ப வைத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. "நீங்க சொல்றது சரிதான் சார். கணக்கு நேரானதும் சொல்லி அனுப்புறேன். அந்த ஜன்னல நீங்கதான் பாக்கணும்."

எங்கள் கூடையிலிருந்த மாவை எடுத்து அவள் பையில் திணித்தேன். அதற்குமேல் எனக்குத் தைரியம் வரவில்லை.

இவர் என் காதருகே குனிந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "பாவம் பாத்துக் குடுக்காத, அரெத்தி. அப்புறம் அதையே நம்பி உக்காந்துடுவாங்க" என்றார்.